புது பிரேக் பேடு போட்ட பிறகும் சத்தமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், குழுக் கடனில் கார், சிறு சரக்கு வண்டி வாங்கி ஓட்டும் உறுப்பினர்கள் சார்பில் ஆற்றிய உரை)



வண்டி பிரேக்கைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரித்ததைப் பார்த்தோம். "அதெல்லாம் மெக்கானிக் பாத்துக்குவாரு, நமக்கு எதுக்குங்க?" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் கறவை மாட்டுக் கடன் வாங்கினவர்கள் என்ன செய்கிறோம்? காலையில் எழுந்ததும் மடியைத் தொட்டுப் பார்க்கிறோம். தீவனம் எடுக்கிறதா, அசை போடுகிறதா என்று பார்க்கிறோம். வைத்தியம் பார்ப்பது டாக்டர். ஆனால் மாட்டுக்கு என்ன செய்கிறது என்று அவரிடம் சொல்வது நாம்தான். வண்டியும் அப்படிக் கடனில் வந்த சொத்து. அது ரெண்டு நாள் பட்டறையில் நின்றால் தவணைக்குத் துண்டு விழும். பிரேக் பிடிக்காமல் போனால் தவணையோடு போகாது, உயிரே போகும்.

இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான். பிரேக் பேடு தேய்ந்துவிட்டது என்று புதுசு மாற்றுகிறோம். பணம் கொடுத்து வண்டியை எடுத்து வந்த மறுநாளே "கிறீச்"சென்று சத்தம் வருகிறது. பழசில்கூட இந்தச் சத்தம் இல்லையே என்று வயிறு எரிகிறது. இதில் ரெண்டு விதமாக ஏமாறுகிறோம். தானாக அடங்கப்போகிற சத்தத்துக்குப் பயந்து மறுபடியும் ஒரு செலவு செய்வது ஒன்று. "புதுசுதானே, ஓட ஓட சரியாயிடும்" என்று, உடனே நிறுத்த வேண்டிய வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பது இன்னொன்று. எந்தச் சத்தம் எந்த வகை என்று தெரிந்துகொண்டால் ரெண்டிலிருந்தும் தப்பிக்கலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

சைக்கிளில் பிரேக் பிடித்தால் என்ன நடக்கிறது? ரெண்டு ரப்பர் கட்டை வந்து சக்கரத்தின் விளிம்பைக் கவ்வுகிறது. காரின் முன் சக்கரத்திலும் இதேதான். சக்கரத்துக்கு உள்ளே தோசைக்கல் மாதிரி ஒரு இரும்புத் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதுதான் டிஸ்க். அதை ரெண்டு பக்கமும் கவ்வுகிற கட்டைதான் பேடு. பேடுக்குப் பின்பக்கம் இரும்புத் தகடு, முன்பக்கம் உராய்வுப் பொருள். பேடுகளைப் பிடித்து அழுத்துகிற பாகத்துக்குக் காலிப்பர் என்று பேர். நாம் பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் காலிப்பர் நெருக்கும், பேடு டிஸ்க்கைக் கவ்வும். ஒரு சக்கரத்துக்கு ரெண்டு பேடு, முன்னால் ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நாலு. மாற்றினால் நாலையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சின்னக் கார்களில் பின் சக்கரத்தில் பெரும்பாலும் டிரம் பிரேக்தான் இருக்கும். அதற்குக் கடைசியில் வருகிறோம்.

புதுசு ஏன் சத்தம் போடுகிறது?

அம்மி கொத்துகிறவர் வந்து அம்மியைக் கொத்திக் கொடுத்துவிட்டுப் போனால் அன்றைக்கே அதில் சட்னி அரைப்போமா? மாட்டோம். தவிடு போட்டு ரெண்டு முறை அரைத்து, கழுவி, கல் தூள் எல்லாம் போன பிறகுதான் சாப்பாட்டுக்கு அரைப்போம். புது பேடும் அப்படித்தான். பழைய டிஸ்க் பல ஆயிரம் கிலோமீட்டர் பழைய பேடோடு உராய்ந்து மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும். புது பேடின் முகமோ சமமாக இருக்கும். ரெண்டும் முழுசாகப் பொருந்தாது. அங்கங்கே மட்டும் தொடும். தொட்டும் தொடாமலும் உராயும்போது அதிர்வு வருகிறது. கரும்பலகையில் சாக்பீஸை ஒரு கோணத்தில் பிடித்தால் பல் கூசுகிற மாதிரி கிறீச்சிடும், கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் நின்றுவிடும், பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கேயும். ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதிர்கிறது. டிஸ்க் வெண்கலத் தட்டுபோல அந்த அதிர்வைப் பெருக்கி ஊருக்கே கேட்க வைக்கிறது.

இந்தச் சத்தத்துக்கு மருந்து பொறுமைதான். முதல் 200, 300 கிலோமீட்டர் வரைக்கும் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக விட வேண்டும். அந்தச் சமயத்தில் அவசரம் வந்தாலொழிய திடீரென்று பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நல்ல ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய், நிதானமாகப் பிரேக் பிடித்து, 10 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, மறுபடி வேகம் எடுத்துக் கொஞ்ச தூரம் ஆற விட்டு ஓட்டுங்கள். இப்படிப் பத்துத் தடவை செய்தால் பேடு சீக்கிரம் பழகும். நடுவில் லேசாகக் கருகின வாடை வரலாம். புது பேடு முதல் முறை சூடாகும்போது அப்படித்தான் வரும். சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே நிற்காதீர்கள். பேடு பட்ட இடத்தில் டிஸ்க்கில் தழும்பு மாதிரி படியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேடு மாற்றின கையோடு மலைக்கு வாடகை ஒத்துக்கொள்ளாதீர்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது எவ்வளவு கியரில் பிடித்தாலும் பிரேக்குக்கும் வேலை இருக்கும். பழகாத பேடு அந்தச் சூட்டில் வழுக்கும். சத்தம் இல்லாமல் இருந்தாலும்கூடப் போக வேண்டாம். முதல் வாரம் உள்ளூர் ஓட்டம் போதும், வாடகை போனால் போகட்டும்.

மழைக்கால விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ராத்திரி மழையில் வண்டி நின்றிருந்தால் காலையில் டிஸ்க்கில் செம்பட்டையாகத் துரு ஏறியிருக்கும். முதல் ரெண்டு மூன்று பிரேக்குக்குச் "சொர சொர"வென்று கேட்கும், அப்புறம் நின்றுவிடும். அதற்காக யாரும் பட்டறைக்கு ஓட வேண்டாம்.

பழகின பிறகும் கிறீச்சிட்டால்?

300 கிலோமீட்டர் தாண்டியும், மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கிறீச்சென்றால் மாட்டின விதத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. கோயில் மணியை அடித்துவிட்டுக் கையால் பிடித்தால் நாதம் அடங்குகிறது, இல்லையா? பேடுக்குப் பின்னால் அப்படி ஒரு கை வைத்திருக்கிறார்கள். மெல்லிய தகடு ஒன்று ஒட்டியிருக்கும், அதற்கு ஷிம் என்று பேர். அதிர்வை அது அடக்கிவிடும். பேடு ஆடாமல் இருக்க ரெண்டு முனையிலும் வளைந்த சின்னச் சின்ன கிளிப் இருக்கும். காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு ரெண்டு பின் உண்டு. அதில் கிரீஸ் இருக்க வேண்டும். கிளிப், ஷிம், கிரீஸ் மூன்றும் கைக்கு அடக்கமான சின்னச் சாமான்கள். அவசர வேலையில் விட்டுப்போவதும் இவைதான். பழைய கிளிப்பைத் துருவோடு அப்படியே மாட்டிவிடுவது, ஷிம்மைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவது, பின்னைத் துடைக்காமல் தள்ளிவிடுவது, எல்லாம் நடக்கிறது.

எங்களில் ஒருவர் காரில் இப்படித்தான் ஆனது. பேடு மாற்றி ஒரு மாதம் ஆகியும் சத்தம் ஓயவில்லை. வேறொரு பட்டறைக்குப் போனால் "டிஸ்க் ரெண்டும் மாத்தணும், இல்லாட்டி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள். எத்தனை நாள் வாடகை அது! "மாத்துறதுக்கு முன்னாடி வீலைக் கழட்டி எங்க கண்ணுல காட்டுங்க" என்று கேட்டோம். கழற்றினால் இடது பக்கம் ஒரு கிளிப்பே இல்லை. பேடு பல் விழுந்த வாயில் நாக்கு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. புதுக் கிளிப் போட்டு, பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததும் அடங்கிவிட்டது. டிஸ்க் இன்றைக்கும் அதேதான் ஓடுகிறது.

கிரீஸ் என்றதும் பெட்டிக்கடை கிரீஸ் எதையாவது வைத்துவிடக் கூடாது. பிரேக்குக்கென்றே சிலிகான் கிரீஸ் விற்கிறது. சாதா கிரீஸ் பட்டால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் உப்பிவிடும், பின் நகராமல் இறுகிவிடும். வைக்கிற இடம் பின்னிலும், பேடின் முதுகிலும், பேடு உட்காரும் காதுகளிலும் மட்டும்தான். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு பொட்டுகூடப் படக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், "சத்தம் வருதா, டிஸ்க்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, அடங்கிடும்" என்று யோசனை சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கதவுக் கீலுக்கும் தையல் மெஷினுக்கும் எண்ணெய் விடுகிற கை நம்முடையது. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். சத்தமும் அடங்கும். கூடவே பிரேக்கும் அடங்கிவிடும். உராய்வதால்தான் வண்டி நிற்கிறது. உராய்வையே எடுத்துவிட்டால் எதைப் பிடித்து நிற்கும்? தேங்காய் எண்ணெயோ, இன்ஜின் ஆயிலோ, எதுவானாலும் பேடு அதை உறிஞ்சிக்கொள்ளும். துடைத்தாலும் போகாது, சோப்புப் போட்டாலும் போகாது. தூக்கி எறிந்துவிட்டு வேறு பேடுதான் போட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியில் யாராவது இப்படிச் செய்வதைப் பார்த்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் தடுங்கள்.

பேடின் வகையாலும் சத்தம் வரும். இரும்புத் தூள் அதிகம் கலந்த பேடு சூட்டைத் தாங்கும், நாள்பட உழைக்கும். ஆனால் கொஞ்சம் இரைச்சல் போடும், டிஸ்க்கையும் தேய்க்கும். மிருதுவான பேடு அமைதியாக இருக்கும், சீக்கிரம் தேயும். பாரம் ஏற்றும் குட்டி யானைக்கும் ஊருக்குள் ஓடும் காருக்கும் ஒரே வகை சரிப்படாது. எதுவானாலும் வண்டியின் மாடலைச் சொல்லி, பெட்டியோடு பில்லோடு வாங்குங்கள். பெட்டியில் கம்பெனி பேர், பாகத்தின் எண், விலை அச்சாகியிருக்க வேண்டும். பிரேக் சாமான்கள் நம் ஊரிலேயே செய்கிறவைதான். சென்னை பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று தொடங்கின கம்பெனிகள் இன்றும் இருக்கின்றன. ஒரிஜினல் கிடைக்காமல் போலியை வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கால் விலைக்குக் கொடுக்கிறேன் என்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

ஓட்டாமல் நிறுத்த வேண்டிய சத்தங்கள்

கிறீச்சென்பது காதுக்குத்தான் தொல்லை. "கர்ர்ர்" என்று இரும்பும் இரும்பும் அரைக்கிற சத்தம் வேறு. ஆட்டுக்கல்லில் கல் மாட்டினது போலிருக்கும். மிதிக்கும் காலிலேயே அந்த நறநறப்பு தெரியும். புது பேடு போட்ட பிறகு இது வந்தால் அடுத்த ஊர் வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். பேடைத் திருப்பி, இரும்புத் தகடு டிஸ்க்கைப் பார்க்கும்படி மாட்டியிருக்கலாம். டிஸ்க் தேய்ந்து அதன் ஓரத்தில் வரப்பு மாதிரி விளிம்பு எழும்பி, புது பேடு அதில் இடிக்கலாம். விளிம்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் லேத் பட்டறையில் கடைந்து சரி செய்யலாம். ஆனால் டிஸ்க் எவ்வளவு கனத்துக்கு மேல் தேயக் கூடாது என்று பெரும்பாலும் அதிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் கடையாமல் மாற்றத்தான் வேண்டும். அப்போது செலவுக்கு யோசிக்காதீர்கள்.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது "கட கட", பிரேக் மிதித்ததும் "டக்" என்று ஒரு இடி. இது ஏதோ தளர்ந்திருக்கும் சத்தம். கிளிப் இல்லாமல் இருக்கலாம், காலிப்பர் போல்ட் முறுக்காமல் விட்டிருக்கலாம், வீல் நட்டே சரியாக இறுக்காமல் இருக்கலாம். முதலில் வீல் நட்டைப் பாருங்கள், அது நாமே ஸ்பேனர் போட்டுப் பார்க்கக்கூடியது. காலிப்பர் போல்ட் தளர்ந்திருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

பிரேக்கை மிதிக்காதபோதும் சக்கரம் சுற்றச் சுற்ற "சர் சர்" என்று வருவது மூன்றாவது. இதற்கு ஒரு சோதனை உண்டு. ஓடும்போதே பிரேக்கை லேசாகத் தொடுங்கள். தொட்டதும் சத்தம் நின்றால் பேடு ஆடுகிறது என்று பொருள், அல்லது பேடில் இருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடுகிறது. பேடு தேய்ந்து 2, 3 மில்லிமீட்டர் ஆனதும் டிஸ்க்கைத் தொட்டுக் கத்தவேண்டும் என்று சில பேடுகளில் ஒரு சின்ன நாக்கு வைத்திருப்பார்கள். மாட்டும்போது அது வளைந்துவிட்டால் புதுசிலேயே கத்தும். பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் ஒரே மாதிரி சத்தம் வந்தால் பேடை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பாருங்கள். டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு தூசி மறைப்புத் தகடு உண்டு. வேலை செய்யும்போது கை பட்டு அது வளைந்திருக்கும், அல்லது நம் ஊர் மண் ரோட்டுச் சல்லிக்கல் ஒன்று நடுவில் மாட்டியிருக்கும். கல் என்றால் அஞ்சு நிமிஷ வேலை. அதற்குப் போய் பேடு, டிஸ்க் எல்லாம் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

சத்தத்தோடு வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, மைலேஜ் குறைகிறதா என்றும் கவனியுங்கள். அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு முன் சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி அனல் அடித்தால் அந்தப் பக்கம் பேடு விடாமல் கவ்விக்கொண்டிருக்கிறது, பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. சூடு தணியட்டும் என்று தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். டிஸ்க் கோணிவிடும், வெடிக்கவும் செய்யும்.

பட்டறையில் என்ன கேட்பது?

பட்டறைக்கு நாம் போனால் நம்மிடம் பேசமாட்டார்கள். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்பார்கள். எங்களுக்கும் எத்தனையோ தடவை நடந்தது. நியாயம் பேசிப் பார்த்ததைவிட, விவரமாகச் சொல்லிப் பார்த்ததில்தான் பலன் கிடைத்தது. "சத்தம் வருதுண்ணே" என்று மட்டும் சொன்னால் நாலு பாகத்தையும் கழற்றிப் போட்டுக் கூலி போடுவார்கள். "பேடு மாத்தி 400 கிலோமீட்டர் ஓடியிருக்கு. இடது முன் சக்கரம். மெதுவா பிரேக் புடிக்கும்போது மட்டும் கிறீச்சுங்குது. மிதிக்காதப்ப இல்ல, காலையில மட்டும்னும் இல்ல. கிளிப்பும் பின்னும் பாருங்கண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். நேராகக் கிளிப்பிலும் பின்னிலும்தான் கை வைப்பார்.

எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பக்கம் மட்டும் நீளமான மதில் இருக்கிற தெருவாகப் பாருங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு மதிலை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். மதிலில் பட்டுச் சத்தம் திரும்பி வரும். போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம் மதிலைப் பார்க்கும். எப்போது பெரிசாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம்.

வேலை கொடுக்கும் முன்பே ரெண்டு பேச்சுப் பேசிவிட வேண்டும். பழைய பேடு நாலும் நமக்கு வேண்டும். சத்தம் வந்தால் மறுபடி கழற்றிப் பார்க்கக் கூலி உண்டா, இல்லையா? அப்புறம் கேட்டால் பேச்சு மாறும். பில்லில் தேதியோடு வண்டி ஓடிய கிலோமீட்டரையும் எழுதச் சொல்லுங்கள். குழுவில் வரவு செலவு நோட்டு எழுதுகிற நமக்கு வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுவது பெரிய வேலையில்லை.

பழைய பேடு எதற்கு என்று கேட்பீர்கள். அதுதான் சாட்சி. நாலையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நாலும் ஒரே கனத்துக்குத் தேய்ந்திருந்தால் எல்லாம் சரியாக வேலை செய்திருக்கிறது. உள்பக்கப் பேடு தேய்ந்து, வெளிப்பக்கப் பேடு கனமாக இருந்தால் பின் நகரவில்லை. ஒரே பேடு ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் ஆப்பு மாதிரி மெலிந்தும் இருந்தாலும் காலிப்பரைப் பார்க்க வேண்டும். அதைச் சரி செய்யாமல் புது பேடு போட்டால் அதுவும் அப்படியே கோணலாகத் தேயும், சத்தமும் விடாது. மாற்றவே இல்லாமல் மாற்றினேன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பழசு கையில் வந்தால் அந்தச் சந்தேகமும் தீர்ந்தது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, சாவியைத் திருப்புவதற்கு முன்னால், பிரேக் பெடலை நாலஞ்சு தடவை மிதியுங்கள். புது பேடு போடுவதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். முதல் மிதிக்குப் பெடல் தரை வரைக்கும் போகும், பிரேக் இருக்காது. மிதிக்க மிதிக்கக் கெட்டியாகும். கெட்டியான பிறகுதான் வண்டி நகர வேண்டும். எத்தனை மிதித்தும் பஞ்சு மாதிரி இருந்தால் ஆயிலில் காற்று இருக்கிறது, எடுக்காதீர்கள். சத்தத்தைவிட இது முக்கியம் என்று எங்கள் அபிப்பிராயம். பட்டறை வாசலிலேயே எதிரே இருக்கும் டீக்கடைக்குள் போன வண்டிகள் உண்டு.

உறுப்பினர்கள் கேட்டவை

ஆட்டோ வைத்திருக்கும் சகோதரி கேட்டார், "எங்க வண்டியில டிஸ்க்கே இல்லையே?" ஆட்டோவிலும் பெரும்பாலான சின்னக் கார்களின் பின் சக்கரத்திலும் டிரம் உண்டு. அண்டா மாதிரி ஒரு கூடு சுற்றும், உள்ளே இருந்து ஷூ விரிந்து அதை அழுத்தும். புது ஷூ போட்டதும் வரும் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே அடைந்த தூசி, டிரம் ஓரத்து விளிம்பு, ஷூ உட்காரும் மேடுகள் காய்ந்து கிடப்பது, இவைதான். அங்கேயும் ஷூவின் முகத்தில் கிரீஸ் படக் கூடாது.

தூசியைப் பற்றி இன்னொருவர் கேட்டார். கழற்றும்போது கறுப்பாகக் கொட்டும் அந்தத் தூசியை வாயால் ஊதாதீர்கள், பம்பு வைத்தும் அடிக்காதீர்கள். பழைய பிரேக் சாமான்களில் கல்நார் கலந்திருந்தது உண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். பட்டறையில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பையன்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

வெளியே வேப்ப மரத்தடியில் எங்கள் கார் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, முன் சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கிறோம். பக்கத்தில் தாம்பாளத்தில் பழைய பேடு நாலும், ஒரு ஷிம்மும், ரெண்டு கிளிப்பும் இருக்கிறது. தேநீர் குடித்துவிட்டு வந்து தொட்டுப் பாருங்கள். எந்தப் பேடு கோணலாகத் தேய்ந்தது என்று நீங்களே கண்டுபிடியுங்கள், நாங்கள் சொல்லமாட்டோம். வரும்போது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், கறுப்பு ஒட்டினால் போகாது.